பழைய தண்ணீர்மேல் புதுத் தண்ணீர்

தங்கத்தாய் பிறந்த ஊரில் அவளைப் பற்றி ஒரு கேலி உண்டு. "அவ உப்பையும் கழுவித்தான் உலையில போடுவா" என்பார்கள். கேலிதான் என்றாலும் அதைக் கேட்கும்போது அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை. கருவேலநேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும் அந்தக் குணம் மாறவில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி அடுத்த வேளைக்குள் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்ந்திருக்கும். தண்ணீர்ப் பானையில் பிள்ளைகள் கையை விட்டுவிட்டால் அன்று வீட்டில் ரகளைதான்.

கருவேலநேரி என்பது திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, காட்டுப்பாதையில் உள்ளே நடக்க வேண்டிய ஊர். எழுபத்து நாலாம் வருஷம் ஐப்பசியில் மழை பொய்த்தது. தை பிறந்தபோது கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மாடுகளுக்குக் கூளம் இல்லாமல் எல்லோரையும்போலத் தங்கத்தாய் வீட்டிலும் உழவு மாடுகளை விற்றார்கள். அவள் புருஷன் சின்னச்சாமி லாரிகளில் வைக்கோல் லோடு ஏற்றுகிற வேலைக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் போய்விட்டான். தொழுவம் காலியாகக் கிடந்தது.

அந்த நேரத்தில்தான் வட்டார ஆபீஸிலிருந்து வருகிற கிராம சேவிகா, ஊர்ப் பெண்களுக்கு அவர் சேவிகாம்மா, சீமைக் கோழிக்குஞ்சு வளர்க்க விருப்பமுள்ள பெண்கள் உண்டா என்று கேட்டு வந்தார். நாட்டுக்கோழி தானாக மேய்ந்துகொள்ளும், இதற்குத் தாயும் கிடையாது, சூடு வைக்க வேண்டும், தண்ணீர் வைக்க வேண்டும் என்று கேட்டதும் மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். தங்கத்தாய் மட்டும், "எனக்குக் குடுங்கம்மா" என்றாள்.

கொழுந்தன் இருளாண்டிதான் தொழுவத்தைச் சரிசெய்து கொடுத்தான். முரடன், ஆனால் மதினி சொன்னால் மறுக்க மாட்டான். பனையோலைப் பாயை வட்டமாக வளைத்து நிறுத்தி, தரையில் கடலைத்தொலியைப் பரப்பி, நடுவில் கவிழ்த்த கூடைக்கடியில் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டான். மஞ்சள் பஞ்சு உருண்டைகள்போல வந்திறங்கிய குஞ்சுகள் அந்தச் சூட்டுக்குக் கீழே ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஒடுங்கின.

தண்ணீர் வைக்கத் தங்கத்தாய் குயவர் வீட்டில் சொல்லிச் சின்னச் சின்னக் கலயங்கள் வாங்கியிருந்தாள். வாயோரத்தில் ஒரு துளை. அதில் தண்ணீரை நிரப்பி ஒரு மண்தட்டில் கவிழ்த்து வைத்தால், குஞ்சுகள் குடிக்கக் குடிக்கத் துளை வழியே தட்டுக்குத் தண்ணீர் கசிந்து வந்துகொண்டிருக்கும். குஞ்சு உள்ளே இறங்கி நனையாது.

"பாரு தாயி" என்று சேவிகாம்மா போகும்போது சொன்னார். "தீனிகூட ஒரு வேளை தப்பினா பரவாயில்ல. தண்ணி சுத்தமா இருக்கணும். காலையிலயும் சாயந்தரமும் பழசைக் கொட்டிட்டு, கலயத்தைத் தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் வைக்கணும். பழைய தண்ணி மேல புதுத் தண்ணி ஊத்திராதே."

"இதை எனக்கா சொல்லணும்?" என்று தங்கத்தாய் சிரித்தாள்.

ஊரில் அப்போது குடிதண்ணீருக்கு இருந்தது ஒரே கிணறு. அடியில் ஊற்று கண்ணீர்போலக் கசியும். பெண்கள் விடியுமுன்பே குடங்களை வரிசை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வீட்டுக்கு இத்தனை குடம் என்று ஊர்ப்பெரியவர் நல்லகண்ணு கட்டுப்பாடு போட்டிருந்தார். தங்கத்தாய் தன் வீட்டுப் பங்கிலிருந்துதான் குஞ்சுகளுக்குக் கொடுத்தாள். தானும் பிள்ளைகளும் குளிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். இருளாண்டி ஊருணிச் சேற்றுத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டான். ஆனால் இதெல்லாம் வெளியில் யாருக்குத் தெரியும்? வெளியில் தெரிந்தது ஒன்றுதான். காலையிலும் மாலையிலும் அவள் தொழுவத்துக்குப் பின்னால் நின்று தண்ணீரைத் தரையில் கொட்டுகிறாள்.

அதைத் தினமும் பார்த்தவள் பக்கத்து வீட்டுப் பெத்தம்மாள். புருஷன் இறந்துபோன பிறகு பேச்சி என்ற சின்ன மகளையும் ஒரு வெள்ளாட்டையும் வைத்துக் காலந்தள்ளுகிறவள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு முள்வேலிதான். ஒருநாள் கிணற்றடியில் எல்லோரும் இருக்கும்போது அவள் வெடித்தாள்.

"பெத்த பிள்ளைக நாக்கு வறண்டு கெடக்குதுக. இங்க ஒருத்தி கோழிக்குஞ்சுக்குக் கலயம் கழுவிக் கழுவி மண்ணுல ஊத்துறா. இந்த ஊரு எப்படிடி விளங்கும்? மழை எப்படிப் பெய்யும்?"

"என் பங்குத் தண்ணியக்கா அது" என்றாள் தங்கத்தாய்.

"பங்கு என்னடி பங்கு! கீழ ஊத்துனா அது எல்லாருக்கும் வயித்தெரிச்சல்தான்."

வரிசையில் இருந்த ஒருத்திகூடத் தங்கத்தாய்க்காகப் பேசவில்லை. அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் காது மடல் எரிந்தது. அன்று சாயங்காலம் கலயத்தைக் கையில் எடுத்தவள், வேலிப் பக்கம் பார்த்தாள். பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. அதைக் கொட்ட மனம் வரவில்லை. அதன்மேலேயே கொஞ்சம் ஊற்றி நிரப்பிக் கவிழ்த்தாள். மறுநாளும் அப்படியே. பிறகு அது பழக்கமாகிவிட்டது. தட்டை மட்டும் முந்தானையால் ஒரு துடைப்பு. வெயில் ஏறிக்கொண்டே போனது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு அதுவே நிம்மதியாக இருந்தது.

பிறகு குஞ்சுகள் சாகத் தொடங்கின.

முதலில் ஒன்று. கூட்டத்தை விட்டு விலகி, இறக்கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி நின்றது. மத்தியானம் பார்த்தபோது விறைத்துக் கிடந்தது. அடுத்த நாள் இரண்டு. கழிச்சலில் ரத்தம் தெரிந்தது. தங்கத்தாய் வேப்பிலையை அரைத்துக் கொடுத்தாள், விளக்கை இறக்கினாள், ஏற்றினாள், தீனியை மாற்றினாள். கலயத்தை மட்டும் அவள் சந்தேகப்படவே இல்லை. தன் கை புழங்குகிற பாண்டம் அழுக்காக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றுமா?

பொழுது சாயும் நேரம் ஒருநாள், விறகு பொறுக்கிவிட்டுத் தலைச்சுமையோடு கொல்லை வழியாக வந்தபோது, தொழுவத்துப் படலைத் திறந்துகொண்டு பெத்தம்மாள் வெளியே வந்தாள். கையில் ஒரு தகரக் குவளை. தங்கத்தாயைப் பார்த்ததும் திடுக்கிட்டு அதைச் சேலைக்குள் மறைத்தாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் வேலிச்சந்து வழியாகப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் பாய்வட்டத்துக்குள் ஒரு கொத்துக் குஞ்சுகள் செத்துக் கிடந்தன. இருளாண்டி எட்டிப் பார்த்தான். முந்தின சாயங்காலம் பெத்தம்மாள் குவளையோடு வந்துபோனதைக் கேட்டதும் அவன் கண் சிவந்துவிட்டது.

"மதினி, இது நோயில்ல. பருத்திக்கு அடிக்கிற மருந்து இருக்குல்ல, அதுல ஒரு சொட்டுப் போதும். தண்ணியில கலந்திருக்கா."

அந்தச் சொல் தீக்குச்சிபோல விழுந்தது. தங்கத்தாய் செத்த குஞ்சுகளை முறத்தில் அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். பெத்தம்மாள் வீட்டு வாசலில் அதைக் கொட்டினாள். தான் என்ன பேசினோம் என்று பிறகு அவளுக்கே சரியாக நினைவில்லை. 'வாயில்லாச் சீவனுக்கு விஷம் வச்சவளே' என்று கத்தியது மட்டும் நினைவிருந்தது. ஊரே கூடிவிட்டது.

கருப்பசாமி கோயில் முன்னால் நல்லகண்ணு எல்லோரையும் உட்காரவைத்து விசாரித்தார்.

"பெத்தம்மா, நீ அவ தொழுவத்துக்குள்ள போனியா?"

"போனேன். இல்லேங்கல."

"எதுக்குத்தா போன?"

பெத்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். மடியில் இருந்த பேச்சி தாயின் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. நல்லகண்ணு இன்னொரு தரம் கேட்டார். பதில் இல்லை.

"பாத்தீகளா மாமா!" என்று இருளாண்டி எழுந்தான். "வாய் வரல பாருங்க!"

அப்போது பெத்தம்மாள் நிமிர்ந்தாள். "நான் கெட்டது ஒண்ணும் செய்யல. நம்பாட்டி, சூடம் அணைக்கிறேன். என் பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டே அணைக்கிறேன். போதுமா?"

கருப்பசாமி முன்னால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்வது அங்கே விளையாட்டல்ல. பொய்ச் சத்தியம் குலத்தையே அழிக்கும் என்பார்கள். மெய்யாகவே இருந்தாலும், அந்தச் சாமியைச் சாட்சிக்கு இழுத்த வீட்டில் ஓர் உயிருக்காவது கேடு வராமல் போகாது என்று ஒரு பயம் உண்டு. நல்லகண்ணு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். பெத்தம்மாள் கேட்கவில்லை. தங்கத்தாயும் வாயைத் திறக்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை என்று பேசி முடித்தார்கள்.

வெள்ளிக்கு முன்பே அது நடந்தது. காலையில் தொழுவத்துக்குள் குனிந்து ஒரு கலயத்தைத் தூக்கினாள் தங்கத்தாய். காலடியில் ஒரு குஞ்சு குறுக்கே வந்தது. அதை மிதித்துவிடாமல் இருக்கத் துள்ளினாள். கலயம் கை நழுவி, தட்டைத் தாங்கியிருந்த கல்லில் விழுந்து உடைந்தது.

உடைந்த ஓடுகளைப் பொறுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வெளிப்புறம் செக்கச்செவேலென்று இருந்த ஓட்டின் உட்புறம், தவளைத்தோல் மாதிரிக் கறும்பச்சையாக, வழுவழுவென்று படிந்திருந்தது. கழுத்து வளைவில் கடலைத்தொலித் துணுக்கும் எச்சமும் சேர்ந்து களிபோல ஒட்டியிருந்தன. விரலால் வழித்து முகர்ந்தாள். குமட்டிக்கொண்டு வந்தது. கை நுழையாத அந்த வளைவை அவள் பார்த்தே எத்தனை நாளாகிவிட்டது! மற்ற கலயங்களையும் வெளியே கொண்டுவந்து, வெயிலில் வைத்து உள்ளே பார்த்தாள். எல்லாம் அப்படித்தான். தட்டுகளைச் சுற்றிச் சிந்தியிருந்த ஈரத்தில் தொலி கட்டி தட்டிப்போய், புரட்டினால் புழு நெளிந்தது.

விஷம் வைத்தது யார் என்று இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவள் அழவில்லை. முதலில் வேலையைப் பார்த்தாள். நனைந்த தொலியை எல்லாம் அள்ளிக் குழியில் போட்டுப் புதுத்தொலி பரப்பினாள். வாய் குறுகிய கலயங்களை ஒதுக்கிவிட்டு, கை முழுசும் உள்ளே போகிற அகலவாய்ச் சட்டிகளை எடுத்துத் துளையிட்டு, சாம்பலும் தேங்காய்நாரும் போட்டுத் தேய்த்து, கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் காயவைத்தாள். தட்டுக்கடியில் செங்கல் அடுக்கினாள். தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றினாள். பழையதைக் கொட்டும்போது இந்தத் தடவை வேலிப் பக்கம் பார்க்கவில்லை. மறுநாள் சாவு குறைந்தது. அதற்கும் மறுநாள் ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை. இனிமேல் சந்தேகம் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

பெத்தம்மாளிடம் சொல்லிவிடலாம் என்று வேலியோரம் போனாள். "அக்கா" என்றாள்.

"சாமி முன்னால பேசிக்கிருவோம்" என்று சொல்லிப் பெத்தம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இருளாண்டியிடம் சொன்னாள். உடைந்த ஓட்டைக் காட்டினாள். அவன் நெடுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முற்றத்துக்கு வெளியே வீசினான்.

"நீங்க இதைப் பாக்கல. நானும் பாக்கல."

"என்னப்பா சொல்ற?"

"ஊரைக் கூட்டியாச்சு மதினி. விஷம் வச்சான்னு நான் நெஞ்சைத் தட்டிப் பேசியாச்சு. இப்பப் போயி எங்க சட்டியிலதான் அழுக்குன்னு சொன்னா, நாளைக்கு டீக்கடையில ஒருத்தன் என்னை மதிப்பானா? அண்ணன் வந்து கேட்டா நான் என்ன சொல்ல?"

"அவ பிள்ளைய வச்சுக்கிட்டுச் சூடம் அணைக்கப் போறாப்பா."

"அணைக்கட்டுமே! அவ தப்புப் பண்ணலேன்னா சாமி அவளை என்ன செய்யப்போகுது? சத்தியம் பண்ணிட்டா விவகாரம் முடிஞ்சுபோச்சு. நமக்கும் ஒண்ணும் இல்ல, அவளுக்கும் ஒண்ணும் இல்ல."

கேட்பதற்கு நியாயம்போலத்தான் இருந்தது. பேசாமல் இருப்பதுதான் சுலபம். தங்கத்தாய் அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பார்த்தாள். ஆனால் தன் பிள்ளைகளுக்குச் சோறு போடும்போது, பெத்தம்மாள் இடுப்பில் இருந்த அந்தப் பிள்ளையின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்துகொண்டே இருந்தது. அதற்கு ஏற்கெனவே இருமல். நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒன்று ஆனால், சூடம்தான் காரணம் என்று ஊர் சொல்லும். பெத்தம்மாளும் நம்புவாள். அந்தச் சூடத்தைக் கொளுத்தவைத்தது யார்? கழுவினால் போகிற அழுக்கா அது?

வெள்ளிக்கிழமை காலை கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. பெத்தம்மாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஈரச்சேலையோடு வந்திருந்தாள். அந்தத் தண்ணீரை மிச்சம் பிடிக்க எத்தனை நாள் வாயைக் கட்டினாளோ! பேச்சி அவள் தோளில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தது. பூசாரி சூலத்தின் அடியில் ஓர் ஓட்டுத்துண்டை வைத்து, அதில் சூடத்தைக் கொளுத்தினார். காற்றில்லாத வெயிலில் சுடர் நேராக நின்றது.

இருளாண்டி தங்கத்தாய்க்குப் பின்னால் வந்து நின்றான். "பேசாம இருங்க மதினி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தான்.

சொல்லிவிட வேண்டும் என்று தங்கத்தாய் ஓரடி முன்னால் வைத்தாள். பெத்தம்மாள் பிள்ளையை இடது இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "கருப்பா, நீயே சாட்சி" என்றாள். வலது கையை விரித்துச் சூடத்தை நோக்கிக் கொண்டுபோனாள்.

தங்கத்தாய் பாய்ந்தாள். பெத்தம்மாளின் கை இறங்குவதற்குள் தன் உள்ளங்கையைச் சுடர்மேல் ஓங்கி வைத்து அழுத்தினாள். சூடம் அணைந்து புகைந்தது.

பூசாரி இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"என்னத்தா செஞ்ச!" என்று நல்லகண்ணு எழுந்தார். "என்னத்தச் சொல்லி அணைச்ச நீ?"

எரிந்த கையை மாரோடு சேர்த்துக்கொண்டு அவள் சொன்னாள்: "என் குஞ்சைக் கொன்னது என் கலயத்து அழுக்கு மாமா. நான்தான் பழைய தண்ணி மேலயே ஊத்தி ஊத்தி வச்சேன். இந்த அக்கா மேல ஒரு குத்தமும் இல்ல. இது சத்தியம்."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. "அப்ப எதுக்குடி ஒரு விதவையத் தெருவுல இழுத்த?" என்று யாரோ ஒருத்தி கேட்டாள். இருளாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் காட்டுப்பக்கம் நடந்துவிட்டான். நல்லகண்ணு, "அவ கால்ல விழு" என்றார். தங்கத்தாய் குனிந்தாள்.

பெத்தம்மாள் விலகிக்கொண்டாள். "வேண்டாம். விழுந்துட்டா எல்லாம் சரியாயிருமா?" அவள் நல்லகண்ணு பக்கம் திரும்பினாள். "நான் எதுக்கு வந்தேன்னு அன்னைக்குக் கேட்டீகளே. என் ஆடு சினையா நிக்குது. தண்ணிக்குக் கத்திக்கிட்டே கெடந்துச்சு. குஞ்சு குடிச்ச மிச்சத் தண்ணியையாச்சும் கேப்போம்னு வந்தேன். கிணத்தடியில அத்தனை பேச்சுப் பேசிட்டு எந்த வாயால கேக்க? வீட்டுல ஆளில்ல. குவளையில கொஞ்சம் மோந்துக்கிட்டுப் போனேன். அதைத்தான் ஊருக்கு முன்னால சொல்ல முடியல."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலத்திலிருந்து தங்கத்தாய் கலயம் மாற்றும்போதெல்லாம் பழைய தண்ணீரை ஒரு பானையில் சேர்த்து வேலியோரம் வைத்தாள். முதல் இரண்டு நாள் அது தொடப்படாமல் வெயிலில் சுண்டியது. மூன்றாம் நாள் பானை காலியாக இருந்தது. பேச்சு மட்டும் இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிறவள் காற்று என்பதுபோலப் பெத்தம்மாள் நடமாடினாள். இருளாண்டி வேறு வீட்டில் சாப்பிட்டான்.

சித்திரையில் சின்னச்சாமி வந்தான். திருச்சுழியில் பஸ் மாறும்போதே அவனுக்குக் கதை எட்டிவிட்டது. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தவன் கோபப்படவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. "கையைக் காட்டு" என்றான். உள்ளங்கையில் வட்டமாகத் தோல் உரிந்து இளஞ்சிவப்பாக இருந்ததைப் பார்த்தான். பிறகு தம்பியைத் தேடிப்போய்த் தோளில் கைபோட்டுக் கூட்டிவந்து, இலை போடச் சொன்னான்.

பிழைத்த குஞ்சுகள் பாதிக்கும் குறைவு. அவை இறகு முளைத்து, வெள்ளைவெளேரென்று வளர்ந்து, ஆவணி வாக்கில் முட்டை வைத்தன. அடுத்த வருஷங்களில் தங்கத்தாய் திரும்பத் திரும்பக் குஞ்சு வாங்கினாள். சுற்றுப்பட்டிகளில் கோழி வளர்க்கிற பெண்கள் கழிச்சல் கண்டால் அவளைத்தான் கூப்பிட்டு விடுவார்கள். போனதும் குஞ்சைப் பார்க்கமாட்டாள். தண்ணீர்ச் சட்டிக்குள் விரலை விட்டு வழித்துப் பார்ப்பாள். அழுக்கு இருந்தாலும் அந்த வீட்டுக்காரியை ஒரு சொல் திட்டமாட்டாள். "நமக்கு நம்ம சட்டி எப்பவும் சுத்தமாத்தான் தெரியும் தாயி" என்பாள்.

குஞ்சுகள் செத்த அந்த வருஷம் ஐப்பசியில் மழை ஏமாற்றவில்லை. அடைமழை விட்ட ஒரு காலையில், கிணற்றில் தண்ணீர் பாதி உயரத்துக்கு ஏறியிருந்தது. பெண்கள் வரிசை மறந்து சுற்றி நின்று எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தங்கத்தாயும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றாள்.

"ஏ, தள்ளி நில்லு" என்று பின்னாலிருந்து, அத்தனை மாதமாக அவளோடு பேசாத குரல் கேட்டது. பெத்தம்மாள். கையில் வாளியும் கயிறும். "கயித்தை விடணும்."

தங்கத்தாய் தள்ளி நின்றாள்.